கூடுவாஞ்சேரியில் குடியேறலாமா?

"ரயிலடியிலிருந்து ஐந்தே நிமிஷம்" என்று மனை விற்பவர்கள் விளம்பரம் செய்வதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் எந்தக் கடிகாரத்தில் அளந்தது என்பதை எந்த விளம்பரமும் தெரிவிப்பதில்லை. நாம் விசாரித்து அறிந்த வரையில், அது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சாலையில் நெருக்கம் இல்லாத சமயம் பார்த்து, மனைக்காரருடைய காரில் சென்றால் ஆகும் நேரம். திங்கட்கிழமை காலையில் மழை தூறிக் கொண்டிருக்கும்போது, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் குடையுமாக நடந்து போகிறவருக்கு அதே ஐந்து நிமிஷம் முப்பது நிமிஷமாக விரிந்துவிடும்.

இருந்தபோதிலும், பட்டணத்தில் மாதா மாதம் வாடகை கொடுத்துச் சலித்த குடும்பங்களுக்கு அந்த விளம்பரம் எவ்வளவு ஆசை மூட்டுகிறது என்பதை நாம் அறியாதவரல்லோம். கூடுவாஞ்சேரியில் நாம் வீடு கட்டிக் குடியேறிப் பதினைந்து வருஷங்களுக்கு மேலாகிறது. ஆகவே இவ்வூரைப் பற்றிப் பேசுவது நமக்குச் சொந்த வீட்டு விவகாரம். "நாங்களும் அங்கே வந்துவிடலாமா?" என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நம்மால் முடிவதில்லை. "யார் யார் வரப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறோம். ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் ஊர் ஒரே மாதிரி அமைவதில்லை. வீட்டின் விலையை ஒருவர் கொடுக்கிறார்; தூரத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார். இந்த இரண்டாவது கணக்கைப் பத்திரம் எழுதுமுன் போட்டுப் பார்ப்பவர்கள் மிகவும் சொற்பம்.

மனை விற்பவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "மாம்பலமும் ஒரு காலத்தில் இப்படித்தானே இருந்தது? இன்றைக்கு அங்கே ஒரு கிரவுண்டு வாங்க முடியுமா?" என்பார்கள். வாஸ்தவந்தான். இன்றைக்குச் சென்னையின் நடுக்கூடம் போல் விளங்கும் தியாகராய நகர், 1920-களில் வீதி வகுக்கப்பட்டபோது ஏரியும் தோப்புமாக இருந்த புறம்பான இடமே. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது அவ்விடத்துக்குப் பெரிய அநுகூலமாயிற்று. தாம்பரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-இல் க்ஷயரோகிகளுக்காக அங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் ஏற்படுத்தினார். அந்த வியாதிக்கு நல்ல காற்றும் ஓய்வுமே பிரதான மருந்தாக இருந்த காலம் அது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரத்து நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்துக் காற்று வாங்க அனுப்பிய அந்தத் தாம்பரம் 2021-இல் ஒரு மாநகராட்சியாகிவிட்டது. இப்போது அங்கிருப்பவர்கள் காற்று வாங்க எங்கே போகிறார்களோ, நாம் அறியோம். "தாம்பரம் ஸானடோரியம்" என்ற ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் பழைய ஞாபகமாக நின்றிருக்கிறது.

ஆனால் இந்த உபமானம் கூடுவாஞ்சேரிக்கு முழுதும் பொருந்தாது. மாம்பலம் கடற்கரை நிலையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்; கூடுவாஞ்சேரி சுமார் 40. மனையின் விலை எத்தனை மடங்கு ஏறினாலும் இந்த நாற்பது பத்தாகக் குறையப் போவதில்லை. மற்றொரு பேதமும் உண்டு. தியாகராய நகரில் பனகல் பூங்காவை நடுவில் வைத்து வீதிகளை முதலில் போட்டார்கள். வீடுகள் பிறகு வந்தன. நம் பக்கத்தில் வீடு முதலில் வருகிறது. பின்பு மின்சாரம் வருகிறது. தெருவிளக்கு அதற்கும் பின்பு. சாலையும் சாக்கடையும் பேரன் காலத்தில் வரலாம். நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021-இல் நகராட்சியாக உயர்ந்தது. போர்டு மாறிய வேகத்தில் தெருக்கள் மாறவில்லை என்பதைக் குடியிருப்பவர் எவரும் சொல்வார்.

இனி நேரத்தின் கணக்கைப் பார்ப்போம். நாம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் உள்ளூரிலேயே இருக்கிறது. சைக்கிளில் எட்டு நிமிஷம். ஆகையால் இந்த ஊரின் தூரம் நம்மைத் தொடுவதில்லை. நம் மனைவி நுங்கம்பாக்கத்தில் ஒரு காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கிறார். வீட்டிலிருந்து நிலையத்துக்கு 20 நிமிஷம், வண்டிக்குக் காத்திருப்பது 10, ரயிலில் ஒரு மணி, இறங்கி நடப்பது 15. ஆக ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி. போக வர மூன்றரை மணி. மாதத்துக்கு 25 நாள் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,050 மணி நேரமாகிறது. இரவும் பகலும் சேர்ந்த முழு நாட்களாக மாற்றினால் 43 நாட்களுக்கு மேல். கணக்கு வாத்தியாராகிய நாம் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது மாணவர்கள் நம்பவில்லை. மறுபடியும் பெருக்கிப் பார்த்தார்கள். வருஷத்தில் ஒன்றரை மாதம் ரயிலிலும் ரயிலடியிலுமே குடியிருக்கும் அந்த அம்மாளின் பேரில்தான் வீட்டுப் பத்திரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார வண்டிகளில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன; செங்கற்பட்டுப் பக்கம் வருபவை குறைவு. தாம்பரத்தில் வசிப்பவர் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்குள் ஒரு காப்பி சாப்பிடலாம். நம் ஊர்க்காரர் தவறவிட்டால் சாப்பாடே முடிந்துவிடும். தாம்பரத்துக்கு வடக்கே குடியிருப்பதும் தெற்கே குடியிருப்பதும் வரைபடத்தில் அரை அங்குல வித்தியாசம், வாழ்க்கையில் அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று வண்டிகளை நிறுத்திவிட்டால், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போய்ச் சேருவார்கள். 2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கட்டணம் அதிகம், உள்ளே சுகமாகத்தான் இருக்கிறதாம், ஆனால் சுகத்தோடு உட்கார்ந்திருந்தாலும் ஒரு மணி ஒரு மணியே.

மாதச் சீட்டு மிகவும் மலிவு என்பதை மறைப்பது நியாயமாகாது. ஒரு மாதத்து ஸீஸன் டிக்கட்டுக்குக் கொடுக்கும் பணம், அதே தூரத்தை மோட்டார் சைக்கிளில் போய் வருபவரின் ஒரு வாரப் பெட்ரோலுக்குக்கூடக் காணாது. நெடுநாள் பிரயாணத்தில் ஏற்படும் சிநேகமும் அலட்சியமான விஷயமல்ல. பெண்கள் பெட்டியில் நம் மனைவிக்கு வாய்த்த தோழிகள் ஆறு பேர். பூத்தொடுப்பதும், பட்டாணி உரிப்பதும், ஒருவர் பெண்ணுக்கு மற்றொருவர் வரன் பார்ப்பதும் கிண்டிக்கும் பல்லாவரத்துக்கும் இடையிலே நடக்கின்றன. நம் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்குத் தெருவிலிருந்து வருவோரைவிட ரயிலிலிருந்து வருவோரே அதிகம்.

குழந்தைகளின் பக்கம் வந்தால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. நம் வகுப்பு மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தகப்பனார்கள் ரயில்வாசிகள். பையன் எழுந்திருக்குமுன் புறப்பட்டு, அவன் தூங்கிய பின் திரும்புகிறவர்கள். சில வருஷங்களுக்கு முன் தமிழாசிரியர் விடுமுறையில் இருந்ததால் ஆறாம் வகுப்புக்கு நாம் சென்று "என் தகப்பனார்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு பையன் எழுதியிருந்தான்: "என் அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தினமும் காலையில் சாப்பாட்டு மேஜையின்மேல் எனக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார். நான் அதற்குக் கீழே பதில் எழுதி வைப்பேன்." அதற்கு மேல் அவன் தகப்பனாரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாதவன் போல், மீதிப் பக்கத்தில் அந்தச் சீட்டுகளில் இருந்த செய்திகளையே வரிசையாக எழுதியிருந்தான். அந்தத் தகப்பனார் பொறுப்பற்றவரல்லர். பையனுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் போய் வந்தார்.

பகலில் வீட்டோடு இருக்கும் முதியோரின் நிலை வேறு. நம் தாயார் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வாசற்படியில் நின்றால் பூக்காரி, கீரைக்காரி, கோயிலுக்குப் போகிறவர், வருகிறவர் என்று நாள் முழுவதும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இங்கே காலை எட்டு மணிக்கு மேல் தெருவில் நாய்களைத் தவிர ஆண்பிள்ளை நடமாட்டமே கிடையாது. முதல் இரண்டு வருஷம் தாயாருக்கு இவ்வூர் ஒரு சிறைச்சாலையாகவே தோன்றியது. நந்திவரம் நந்தீசுவரர் கோயிலுக்குக் கூட்டாகப் போய்வரத் துணை அமைந்த பிறகு முகம் மலர்ந்தது. வைத்தியத்துக்கு அவ்வளவு பயமில்லை. தனியார் ஆஸ்பத்திரிகள் பக்கத்தில் இருக்கின்றன. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி வேண்டுமானால் தெற்கே செங்கற்பட்டுக்கு ஓட வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனெனில் இது எல்லாப் புறநகர்களுக்கும் பொது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி. அதை இறைக்க லாரி வரும் நாளில் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்.

கோடையில் தண்ணீருக்கு ஏங்கும் அதே மக்கள் கார்த்திகையில் தண்ணீரைக் கண்டு நடுங்குவதுதான் இப்பிரதேசத்தின் விசேஷம். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பேர்போனது. பக்கத்துக் காட்டாங்குளத்தூரின் பெயரிலேயே காடும் குளமும் இருக்கின்றன. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கும் நீர் போகும்படி முன்னோர் வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்கள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரே திரண்டு வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக அடையாறாக ஓடுகிறது. வாய்க்கால்களின் மீது "நகர்" என்றும் "அவென்யூ" என்றும் பெயர் சூட்டிக் கல் நட்ட பிறகு, அந்த நீர் எங்கே போகும்?

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்திலிருந்து ஜனங்களைப் படகுகளில் மீட்டார்கள். ரயில்கள் நின்றன. நம் மனைவி நுங்கம்பாக்கத்தில் உடன் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் வீட்டில் மூன்று இரவு தங்கும்படி ஆயிற்று. டெலிபோனும் செத்துப் போனதால், அவர் உயிரோடிருக்கும் செய்தி நமக்கும், நாம் உயிரோடிருக்கும் செய்தி அவருக்கும் எட்ட ஒன்றரை நாள் சென்றது. நம் வீட்டுக்குள் நீர் வரவில்லை. வாசல் படியில் இரண்டாவது கல்லோடு நின்றது. நமக்குப் பின் தெருவில் இடுப்பளவு. இரண்டு தெருவுக்கும் மனை விலை ஒன்றாகவே இருந்தது. அதன் பின்னர் ஆற்றை அகலப்படுத்தியும் புதுக் கால்வாய்கள் வெட்டியும் வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர்ப் பக்கத்தில் மறுபடியும் தண்ணீர் புகுந்தது.

நம் தெரு ஏன் தப்பியது என்பதை ஒரு கிழக் குடியானவர் நமக்கு விளக்கினார். இப்போது நகர்களாகிவிட்ட இந்த நிலங்களில் அவர் இளவயதில் ஏர் ஓட்டியவர். "வாத்தியாரய்யா, உங்க வீடு இருக்கிற எடம் எங்க களத்துமேடு. நெல்லடிச்சுப் போர் போட்ட எடம். தண்ணி ஏறாத எடமாப் பாத்துத்தானே எங்க பாட்டன் களம் வச்சிருப்பாரு? பின்னாலே இருக்கிறது மடை வாய். அங்கே நாத்தைத்தான் நடுவோம். வீட்டைக் கட்டினா எப்படிங்க?" என்றார். மனை வாங்குகிறவர்கள் வக்கீலிடம் ஒரு நாளும் இத்தகைய பெரியவரிடம் ஒரு நாளும் செலவழிப்பது அவசியம் என்பது நம் அபிப்பிராயம். எங்கே களம் இருந்தது, எங்கே வைக்கோற்போர் இருந்தது, எந்த வயலில் கடைசியாகத் தண்ணீர் வடிந்தது என்று கேட்க வேண்டும். இவ்விஷயங்கள் வில்லங்கச் சான்றிதழில் வாரா.

பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை போதும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதற்கு முன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டவர்கள், 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தின்படி அபராதக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள அலைந்ததை நாம் நேரில் கண்டோம். அங்கீகார எண்ணைக் காட்டாமல் சிரித்துப் பேசுகிறவரிடம் நாமும் சிரித்துப் பேசிவிட்டு வந்துவிடுவது நலம். அவ்வாறே, "மெட்ரோ ரயில் வந்துவிடப் போகிறது" என்பதற்காகவும் ஒரு ரூபாய் அதிகம் கொடுக்கலாகாது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை அதை நீட்டுவதற்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். திட்டத்தில் ஏறி ஆபீசுக்குப் போக முடியாது.

வந்துவிட்ட சௌகரியம் ஒன்று உண்டு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்டது. தென் ஜில்லாக்களுக்குப் போகும் பஸ்களுக்காக முன்பு கோயம்பேடு வரை சென்று, ஏறி, அதே சாலையில் நம் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். நகரத்தார் அந்த நிலையத்தைத் தூரம் என்று வைகிறார்கள். நமக்கோ வாசலில் வந்து நிற்கிறது. இதனால் திருநெல்வேலி உறவினர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே கதவைத் தட்டுகிறார்கள் என்பதையும் சௌகரியத்திலேயே சேர்த்துக்கொள்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று நேயர்கள் கேட்கலாம். மார்கழிக் காலையில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் வண்டலூர் மலைக்காட்டின் மேல் பனி படிந்திருப்பது தெரியும். முருங்கையும் வேம்பும் நாம் வைத்து வளர்த்தவை. தாயார் துளசிமாடத்துக்கு வைத்த இடத்தை எந்த வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்ல முடியாது. பட்டணத்தில் நாம் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில், பெண் குழந்தை உரக்கப் பாடம் படித்தால் கீழ்வீட்டார் கரண்டியால் கூரையைத் தட்டுவார்கள். இங்கே அவள் பாட்டே பாடுகிறாள். நம் மனைவியிடம், "நகரத்துக்கே திரும்பிவிடலாமா?" என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறோம். "தாம்பரத்துக்கு மேலே இன்னும் நாலு வண்டி விடச் சொல்லுங்கள், அது போதும்" என்பதே அவருடைய பதில். அந்தப் பதிலிலிருந்து களைப்பையும் விருப்பத்தையும் வேறுபடுத்த நம்மால் இயலவில்லை.

ஆகவே நம் தீர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மறைமலை நகர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ, வழியெங்கும் இருக்கும் கல்லூரிகளிலோ வேலையுள்ளவர்கள் தாராளமாக வரலாம். அவர்களுக்கு இது புறநகரே அல்ல. ஓய்வு பெற்றவர்களும் வரலாம். பேச்சுத் துணை இருக்கும் தெருவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். புருஷனும் மனைவியும் இருவருமே பாரிமுனைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களாக இருந்து, வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இருந்தால், நாம் வேண்டாமென்றே சொல்வோம். கைக்கெட்டும் விலையில் நகரத்துக்குள் இரண்டு அறை வீடு அவர்களுக்கு மேல். அவர்களில் ஒருவர் தாம்பரத்துக்குத் தெற்கே மாற்றல் வாங்கிக்கொள்ள முடியுமானால் மறுபடியும் யோசிக்கலாம்.

யாராயிருந்தாலும், மனை வாங்குமுன் ஒரு புரட்டாசிக் கடைசியில் வந்து, எந்தத் தெருவில் வாங்க எண்ணமோ அதே தெருவில் ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்துத் தை பிறக்கும் வரை குடியிருந்து பார்ப்பது நல்லது. வீட்டில் உள்ள எல்லாரும் வர வேண்டும். ரயிலில் போகப் போகிறவர் ரயிலிலேயே போக வேண்டும். மூன்று மாத வாடகை, மனை விலையில் நூற்றில் ஒரு பங்குக்கூட ஆகாது. மழைக்காலத்தில் வீடு தேடி வருகிறவர் இங்கே அபூர்வமாகையால், வீட்டுக்காரர்கள் அட்வான்ஸிலும் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள்.